வலையமைப்புகளைக் கடந்து வரும் பல்லூடகச் செய்தி

நுழையும்முன்

சொந்த ஊரைவிட்டு வேற்று மாநிலத்தில் வாழும் குடும்பங்களை ஊரோடு இணைக்கும் பாலமாக அலைபேசி விளங்குகிறது. திருவிழா, திருமணம், பிள்ளைப்பேறு என எல்லாவற்றையும் இன்று நாம் முதலில் படமாகவே காண்கிறோம். ஒரு நிறுவனத்தின் அலைபேசியிலிருந்து புறப்படும் படம், வேறொரு நிறுவனத்தின் அலைபேசியை எவ்வாறு சென்றடைகிறது? அஃது எவ்விடத்தில் தடைப்படும்? வந்து சேர்ந்த படத்தை எந்த அளவுக்கு நம்பலாம்? இவ்வினாக்களுக்கு இப்பாடம் விடை கூறுகிறது.

ஒரு படத்தின் பயணம்

2011 ஆம் ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். மன்னார்குடியில் அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பெங்களூருவின் அல்சூர்ப் பகுதியில் வாழும் உங்கள் குடும்பத்தினர் அக்குழந்தையின் முகத்தைக் காண ஆவலோடு காத்திருக்கின்றனர். பள்ளித் தேர்வு நடப்பதால் உடனே ஊருக்குச் செல்ல இயலாது. மாமா தம் அலைபேசியில் குழந்தையைப் படம் எடுக்கிறார். அதனுடன் இரண்டு வரி எழுதி, உங்கள் தந்தையின் எண்ணுக்கு அனுப்புகிறார். இவ்வாறு எழுத்து, படம், ஒலி, காணொலி ஆகியவற்றைச் சேர்த்து அனுப்பும் செய்தியே பல்லூடகச் செய்தி. மக்கள் வழக்கில் இதனை எம்.எம்.எஸ். என்பர்.

மாமா வைத்திருப்பது ஒரு நிறுவனத்தின் சிம் அட்டை. தந்தை வைத்திருப்பது மற்றொரு நிறுவனத்தின் சிம் அட்டை. இரண்டும் சந்தையில் ஒன்றோடொன்று போட்டியிடும் நிறுவனங்கள். அவற்றின் கோபுரங்கள் வேறு, கணினிகள் வேறு, கட்டணக் கணக்குகள் வேறு. மேலும், தமிழ்நாடும் கர்நாடகமும் தனித்தனித் தொலைத்தொடர்பு வட்டங்கள். நம் நாடு இத்தகைய 22 வட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இத்தனை எல்லைகளையும் கடந்து படம் வந்து சேர வேண்டும்.

குறுஞ்செய்தி ஏன் போதாது?

உலகின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. கிறிஸ்துமஸ் வாழ்த்தைத் தாங்கிச் சென்ற செய்தி அது. ஒரு குறுஞ்செய்தி 140 பைட்டு அளவே கொள்ளும். அவ்வளவில் ஆங்கில எழுத்துகள் 160 அடங்கும். தமிழில் எழுதினால் 70 குறியீடுகளே அடங்கும். ஏனெனில், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட்டு தேவைப்படுகிறது.

இங்கு ஒரு நுட்பத்தை அறிதல் வேண்டும். இலக்கணத்தில் 'தமிழ்' என்பது மூன்றெழுத்துச் சொல். கணினியோ அதனைத் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாக எண்ணுகிறது. 'வணக்கம்' என்னும் ஐந்தெழுத்துச் சொல், கணினிக்கு ஏழு குறியீடுகள். ஆகவே, தமிழில் எழுதிய குறுஞ்செய்தி நாம் எண்ணுவதைவிட விரைவில் நிரம்பிவிடுகிறது.

எழுத்துக்கே இந்நிலை என்றால் படத்துக்கு என்ன செய்வது? 300 கிலோபைட்டு அளவுள்ள ஒரு படத்தைக் குறுஞ்செய்திகளாகத் துண்டாக்கி அனுப்பினால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் வேண்டும். எனவேதான் படங்களுக்கெனத் தனி வழி வகுக்கப்பட்டது. 2002 ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் பல்லூடகச் செய்திச் சேவை பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. பின்னர் இந்தியாவிலும் பரவியது. தொடக்கத்தில் ஒரே நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்குள் படம் அனுப்புவது எளிதாக இருந்தது. வேறு நிறுவனத்துக்கு அனுப்புவதுதான் கடினமாக இருந்தது.

அஞ்சல் கற்பித்த பாடம்

இக்கடினம் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடிதங்களும் இதே சிக்கலைச் சந்தித்தன. ஒரு நாட்டின் கடிதத்தை மற்றொரு நாடு ஏற்க வேண்டுமெனில் அவ்விரு நாடுகளும் தனியே உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டியிருந்தது. கட்டணம் எவ்வளவு, எடை எவ்வளவு, பணம் யாருக்கு என ஒவ்வோர் உடன்படிக்கையும் ஒவ்வொரு விதமாக இருந்தது. 1874 அக்டோபர் 9 அன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கூடி ஒரே உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதிலிருந்து தோன்றியதே உலக அஞ்சல் ஒன்றியம். இந்தியா 1876 இல் அதில் இணைந்தது. அதன்பின் உறுப்பு நாடுகளிடையே கடிதப் போக்குவரத்து எளிதாயிற்று.

அலைபேசி நிறுவனங்களுக்கும் இதுவே வழி. பத்து நிறுவனங்கள் உள்ளன என்று கொள்வோம். ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதோடும் தனித்தனியே இணைப்பு ஏற்படுத்தினால் 45 இணைப்புகள் தேவை. எல்லா நிறுவனங்களும் நடுவில் உள்ள ஒரு பொது இணைப்பு மையத்தோடு சேர்ந்துகொண்டால் பத்து இணைப்புகளே போதும். உலகில் இவ்விரு முறைகளும் கையாளப்படுகின்றன. எம்முறையாயினும் செய்தியின் வடிவம், அதன் உச்ச அளவு, கட்டணப் பங்கு ஆகியவற்றில் நிறுவனங்கள் முன்னரே உடன்பட்டிருத்தல் வேண்டும்.

படம் கடந்து செல்லும் படிநிலைகள்

மாமா அனுப்பிய படத்தைப் பின்தொடர்வோம்.

முதலாவது, பொதி கட்டுதல். மாமாவின் அலைபேசி, படத்தையும் எழுத்தையும் ஒரே பொதியாகக் கட்டுகிறது. எது முதலில் தோன்ற வேண்டும், எது எவ்வளவு நேரம் திரையில் நிற்க வேண்டும் என்னும் குறிப்பையும் உள்ளே வைக்கிறது. பொதியின் மேல் பெறுநரின் எண்ணை எழுதுகிறது.

இரண்டாவது, ஒப்படைத்தல். பொதி அருகிலுள்ள கோபுரம் வழியாக, மாமாவுடைய நிறுவனத்தின் பல்லூடகச் செய்தி நிலையத்தை அடைகிறது. இந்நிலையம் ஊரின் தலைமை அஞ்சலகம் போன்றது. இது பொதியைப் பெற்றுக்கொண்டு, அதற்கு ஓர் அடையாளக் குறியீட்டை வழங்குகிறது. மாமாவின் திரையில் 'அனுப்பப்பட்டது' என்று தோன்றுவது இப்போதுதான். படம் இன்னும் பெங்களூருவுக்கு வந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க.

மூன்றாவது, முகவரி அறிதல். இந்த எண் எந்த நிறுவனத்துக்கு உரியது என்பதை நிலையம் கண்டறிய வேண்டும். இப்படிநிலையில் உள்ள சிக்கலைப் பின்னர்த் தனியே காண்போம்.

நான்காவது, நிலையத்திலிருந்து நிலையத்துக்குச் செல்லுதல். மாமாவின் நிறுவன நிலையம், தந்தையின் நிறுவன நிலையத்துக்குப் பொதியை அனுப்புகிறது. இதற்கு மின்னஞ்சல் அனுப்பப் பயன்படும் நெறிமுறையே அடிப்படையாகக் கொள்ளப்பட்டுள்ளது. பெற்றுக்கொண்ட நிலையம் 'பெற்றேன்' என மறுமொழி தருகிறது. இந்த மறுமொழி வராவிட்டால் அனுப்பிய நிலையம் மீண்டும் முயல்கிறது.

ஐந்தாவது, அறிவிப்பு. தந்தையின் நிறுவன நிலையம் படத்தை நேரே அவருடைய அலைபேசிக்குள் திணிப்பதில்லை. முதலில் ஒரு சிறு அறிவிப்பைக் குறுஞ்செய்தி வடிவில் அனுப்புகிறது. செய்தியின் அளவு, அஃது எத்தனை நாள் வரை நிலையத்தில் காத்திருக்கும், எந்த முகவரியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்பன அதில் அடங்கும். அலைபேசி அணைக்கப்பட்டிருந்தால் அறிவிப்பு காத்திருக்கும்.

ஆறாவது, பெறுதல். அறிவிப்பைக் கண்ட அலைபேசி, தரவு இணைப்பின் வழியே நிலையத்தை அணுகிப் படத்தை எடுத்துக்கொள்கிறது. குழந்தையின் முகம் திரையில் மலர்கிறது. மாமா கேட்டிருந்தால், 'சேர்ந்தது' என்னும் செய்தி இதே வழியில் திரும்பிச் சென்று அவரை அடையும்.

அஞ்சலகத்தில் பொதி வந்திருப்பதாகச் சீட்டு வருகிறது. நாம் சென்று பெற்றுக்கொள்கிறோம். பல்லூடகச் செய்தியின் இறுதிப் பகுதியும் அவ்வாறே அமைந்துள்ளது.

இந்த எண் யாருடையது?

நம் நாட்டில் அஞ்சல் குறியீட்டு எண் முறை 1972 ஆகஸ்டு 15 அன்று தொடங்கப்பட்டது. ஆறு இலக்கங்களைக் கொண்ட அவ்வெண்ணின் முதல் இலக்கம் நிலப்பகுதியைச் சுட்டும். பெங்களூருவின் எண்கள் 5 இலும் சென்னையின் எண்கள் 6 இலும் தொடங்குகின்றன. எண்ணைப் பார்த்தவுடன் கடிதம் செல்ல வேண்டிய திசை விளங்கிவிடும்.

அலைபேசி எண்ணும் முதலில் அப்படித்தான் இருந்தது. பத்து இலக்கங்களுள் தொடக்கத்தில் உள்ளவற்றைக் கொண்டே எந்த நிறுவனம், எந்த வட்டம் என்று கூறிவிடலாம். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதி வந்தபோது இந்நிலை மாறியது. 2010 நவம்பர் 25 அன்று அரியானாவில் தொடங்கிய இவ்வசதி, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதற்கும் கிடைத்தது. 1900 என்னும் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி ஒருவர் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

ஆயினும், அவ்வசதி அப்போது ஒரே வட்டத்துக்குள் மட்டுமே செல்லுபடியாயிற்று. மதுரையிலிருந்து பெங்களூருவுக்குக் குடிபெயர்ந்த குடும்பம், தமிழ்நாட்டு எண்ணைக் கர்நாடக எண்ணாக மாற்றிக்கொள்ள இயலவில்லை. ஒன்று, பழைய எண்ணுக்கு வெளிமாநிலக் கட்டணம் செலுத்த வேண்டும்; அல்லது, புதிய எண் வாங்கி அதனை உற்றார் உறவினர் அனைவருக்கும் தெரிவிக்க வேண்டும். சுவரில் எழுதி வைத்த பழைய எண்ணையே அழைத்துக்கொண்டிருக்கும் பாட்டிக்கு அம்மாற்றம் எளிதன்று. 2015 ஜூலை 3 முதல் நாட்டின் எவ்வட்டத்துக்கும் எண்ணை உடன் கொண்டுசெல்லலாம் என்னும் நிலை ஏற்பட்டது. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் செல்வோருக்கு இது பெரும் நன்மை. ஊர் மாறினாலும் எண் மாறுவதில்லை. பழைய உறவும் அறுவதில்லை.

மக்களுக்கு எளிதான இவ்வசதி, செய்தி நிலையங்களின் பணியைக் கூட்டியது. எண்ணின் முதல் இலக்கங்களை இனி நம்ப இயலாது. ஆகையால், நிறுவனம் மாறிய எண்களின் பட்டியல் ஒன்று பேணப்படுகிறது. இப்பணிக்காக நாடு இரு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. தமிழ்நாடும் கர்நாடகமும் ஒரே மண்டலத்தில் அமைந்துள்ளன. செய்தியை அனுப்பும் நிறுவனமே இப்பட்டியலைப் பார்த்துச் சரியான நிறுவனத்தைக் கண்டறிந்து அனுப்புதல் வேண்டும். பட்டியலைப் பாராமல் பழைய நிறுவனத்துக்கு அனுப்பினால், குடிபெயர்ந்தவரின் பழைய வீட்டுக்குச் சென்ற கடிதம் போல் அச்செய்தி நின்றுவிடும்.

படம் ஏன் சில வேளைகளில் வருவதில்லை?

இவ்வளவு படிநிலைகள் இருப்பதால், ஏதேனும் ஓரிடத்தில் தடை நேர்ந்தாலும் படம் நின்றுவிடும். பெறுநரின் அலைபேசியில் அதற்குரிய அமைப்புகள் சரியாகப் பதியப்படாமல் இருக்கலாம். அப்போது அறிவிப்பு வரும், படம் வராது. படத்தின் அளவு உடன்பாட்டு எல்லையைத் தாண்டியிருக்கலாம். 300 கிலோபைட்டு என்பது பல வலையமைப்புகள் பின்பற்றிய எல்லை. இக்கால அலைபேசிகள் எடுக்கும் படங்கள் அதனினும் பன்மடங்கு பெரியவை. எனவே, அவற்றைச் சுருக்கியே அனுப்ப வேண்டும்.

பெறுநரின் கருவி பழையதாயின் வேறொரு வழி உண்டு. நிலையம் அக்கருவியின் திறனை அறிந்து, அதற்கு ஏற்றவாறு படத்தைச் சிறிதாக்கித் தரும். பல்லூடகச் செய்தியையே ஏற்காத கருவியாயின், படத்தைக் காண்பதற்குரிய இணைய முகவரியைக் குறுஞ்செய்தியாக அனுப்பும். வந்து சேர்ந்த படம் மங்கலாக இருப்பதற்கும் இச்சுருக்கமே காரணம். அனுப்பியவரைக் குறைகூறுவதற்கு முன் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

உறையைப் படிக்கும் கருவி, உள்ளத்தைப் படிக்காது

செய்தி நிலையம் பொதியின் மேலுள்ள எண்ணைப் பார்க்கிறது, அளவைப் பார்க்கிறது, வடிவத்தைப் பார்க்கிறது. உள்ளே இருக்கும் படம் உண்மையா பொய்யா என்பதை அஃது அறியாது. 'சேர்ந்தது' என்னும் குறிப்பு, செய்தி சேர்ந்ததற்கு மட்டுமே சான்று. அதன் உண்மைக்குச் சான்றன்று. இதனை நம் பெங்களூரு நகரமே ஒருமுறை துயரத்தோடு கற்றது.

2012 ஆம் ஆண்டு ஜூலையில் அஸ்ஸாமில் கலவரம் மூண்டது. அதனையடுத்து ஆகஸ்டு மாதத்தில், பெங்களூருவில் வாழும் வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படுவர் என்னும் வதந்தி அலைபேசிகள் வழியே பரவியது. வேறு இடங்களில், வேறு நிகழ்வுகளில் எடுக்கப்பட்ட படங்கள், அஸ்ஸாமில் நிகழ்ந்த கொடுமைகள் எனக் கூறப்பட்டுச் சுற்றிவந்தன. ஒரு வலையமைப்பிலிருந்து மற்றொன்றுக்கும், ஒருவர் கையிலிருந்து பலர் கைக்கும் அவை தடையின்றிச் சென்றன. படித்து வந்த மாணவரும், பாதுகாவலர் பணியிலும் உணவகங்களிலும் உழைத்துவந்தோரும் அஞ்சினர். ஆயிரக்கணக்கானோர் பெங்களூரு நகரத் தொடர்வண்டி நிலையத்தில் திரண்டனர். குவாகாத்திக்குச் சிறப்புத் தொடர்வண்டிகள் இயக்கப்பட்டன. வேலையையும் படிப்பையும் வாடகை வீட்டையும் விட்டு அவர்கள் வண்டி ஏறினர்.

ஆகஸ்டு 17 அன்று, குறுஞ்செய்திகளையும் பல்லூடகச் செய்திகளையும் மொத்தமாக அனுப்புவதற்கு நடுவண் அரசு நாடு முழுவதும் 15 நாள்களுக்குத் தடை விதித்தது. பொய் பரவுவதைத் தடுக்க எடுத்த அந்நடவடிக்கை, நல்ல செய்தியைப் பலருக்கு ஒருசேர அனுப்ப விரும்பியவரையும் கட்டுப்படுத்தியது. சென்றவர்களுள் பலர் பின்னர்த் திரும்பி வந்தனர்.

வேற்று மாநிலத்தில் வாழும் குடும்பங்களைச் சேர்ந்த நாம் இந்நிகழ்வை மறத்தல் ஆகாது. ஊரைவிட்டு வந்து வாழ்வோருக்கு அச்சம் எளிதில் பற்றும். ஒரு பொய்ப் படம் அவ்வச்சத்தைத் தீயாக மூட்டிவிடும். 'கண்ணால் காண்பதும் பொய்; காதால் கேட்பதும் பொய்; தீர விசாரிப்பதே மெய்' என்பது நம் முன்னோர் பழமொழி. படம் ஒன்று வந்தால் அதனை எடுத்தவர் யார், எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது என வினவுதல் வேண்டும். விடை கிடைக்காத படத்தை மேலும் அனுப்பாமல் நிறுத்திவிடுதல் வேண்டும்.

இன்றைய நிலை

இன்று நம்மில் பெரும்பாலோர் இணையச் செயலிகள் வழியே படம் அனுப்புகிறோம். செயலிக்கு நிறுவன எல்லை இல்லை. ஆனால் அதற்கு வேறோர் எல்லை உண்டு. அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே செயலியை வைத்திருக்க வேண்டும். பல்லூடகச் செய்திக்கோ அதற்குரிய வசதியுள்ள அலைபேசியும் எண்ணும் இருந்தால் போதும். 2022 ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்த சட்டமொன்று, பெரிய செய்திச் செயலிகள் பிற செயலிகளோடும் செய்தி பரிமாறிக்கொள்ள வழிசெய்ய வேண்டும் எனக் கூறுகிறது. பெர்ன் நகரில் கடிதத்துக்குக் கண்ட தீர்வை, இன்றைய உலகம் செயலிகளுக்கும் தேடிக்கொண்டிருக்கிறது.

நிறுவனங்கள் தம்முள் உடன்பட்டு, மன்னார்குடிக் குழந்தையின் படத்தைப் பெங்களூரு வரை கொண்டுவந்து சேர்க்கின்றன. வந்த படத்தை ஆராய்ந்து, பகிரத் தக்கதைப் பகிர்தல் அலைபேசியைக் கையில் வைத்திருக்கும் நம் கடமை.

சொற்பொருள்

பல்லூடகம் – எழுத்து, படம், ஒலி முதலிய பல ஊடகங்களின் சேர்க்கை
வலையமைப்பு – ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட கருவிகளின் தொகுதி
நெறிமுறை – பின்பற்ற வேண்டிய பொது விதி
உடன்படிக்கை – ஒப்பந்தம்
பேணுதல் – பாதுகாத்தல்
வதந்தி – உறுதி செய்யப்படாத செய்தி

பயிற்சி

1. 'அனுப்பப்பட்டது', 'சேர்ந்தது' ஆகிய இரு குறிப்புகளுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

2. 'பெங்களூரு' என்னும் சொல்லில் இலக்கணப்படி எத்தனை எழுத்துகள் உள்ளன? கணினி அதனை எத்தனை குறியீடுகளாக எண்ணும்? பிரித்து எழுதுக.

3. ஆறு நிறுவனங்கள் தனித்தனியே இணைப்பு ஏற்படுத்தினால் எத்தனை இணைப்புகள் தேவை? பொது மையத்தோடு இணைந்தால் எத்தனை தேவை?

4. 2015 ஆம் ஆண்டு மாற்றம், குடிபெயர்ந்த குடும்பங்களுக்கு எவ்வாறு உதவியது? உங்கள் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.

5. உங்கள் வகுப்புத் தோழருக்கு அச்சமூட்டும் படம் ஒன்று வந்துள்ளது. அதனைப் பிறருக்கு அனுப்பலாமா என அவர் உங்களிடம் கேட்கிறார். நீங்கள் கூறும் விடையை உரையாடல் வடிவில் எழுதுக.